தோணிப்பாய் வெட்டிய கத்திரிக்கோல்

ஜூன் 3

இது என் கையெழுத்து இல்லை.

ஜூன் 4

தினமும் இடது கையால் நாலு வரி எழுத வேண்டுமாம். பிசியோதெரபி பிள்ளை சுகந்தி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். கோழி கிளறினதுபோல் இருக்கிறது. நாலு வரி ஆகிவிட்டது.

ஜூன் 6

ஏப்ரலில் வந்த வாதம் காலை விட்டுவிட்டது, வாயை விட்டுவிட்டது, வலது கையை மட்டும் விடவில்லை. வாயையும் சேர்த்து எடுத்திருந்தால் வீடு நிம்மதியாக இருந்திருக்கும் என்று இன்னாசி சொல்கிறார். கட்டின புருஷன் பேசுகிற பேச்சு!

முப்பது வருஷம் இந்தத் தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைத்த கை அது. இன்று டம்ளரைப் பிடி என்றால் யாரோ அடுத்த வீட்டுக்காரியிடம் சொன்னதுபோல் சும்மா இருக்கிறது.

பாளையங்கோட்டையிலிருந்து தங்கச்சி ஜெசிந்தா பேசினாள். ஆகஸ்ட் முதல் வாரம் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து. அம்மா போகும்போது அவளுக்கு நாலு வயது, எனக்கு இருபத்தொன்று. எனக்குப் பிள்ளை இல்லை. அவள்தான் எல்லாம்.

"ஞானஸ்நானச் சட்டை நீதான் தைக்கணும், கேட்டியாக்கா. கடையில வாங்குனா நான் போட மாட்டேன்" என்றாள்.

தைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

ஜூன் 7

பழைய பாவாடைத் துணியை மேசையில் விரித்து, என் கத்திரிக்கோலை இடது கையில் எடுத்து வெட்டிப் பார்த்தேன். வெட்டவில்லை. துணியை மடக்கி மடக்கிக் கடிக்கிறது. இன்னாசி வாசலில் நின்று பார்த்திருக்கிறார்.

"ரெடிமேட்ல அழகழகா வருதுளா. தொப்பியோட குடுக்கான்."

மத்தியானச் சோறு போடுகிறவரை அவரோடு பேசவில்லை.

துணி வெட்டினாலும் என்ன பிரயோசனம்? முதல் பிள்ளை, முதல் சட்டை. பீச்சாங்கையால் தைத்ததைப் போட்டுக் கோவிலுக்குக் கொண்டுபோவதா? ஊர் பேசுவது கிடக்கட்டும், எனக்கே ஒப்பாது. பீச்சாங்கையால் ஒரு வெற்றிலையைக்கூட நான் யாரிடமும் நீட்டியதில்லை.

ஜூன் 11

சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று இன்னாசி என்னைக் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப்போனார். அங்கே கயிறு அடுக்கிவைத்த பழைய கிட்டங்கி ஒன்றில் தஸ்நேவிஸ் சார் ஊர் வரலாற்று அறை என்று ஒன்று வைத்திருக்கிறார். கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யார் வீட்டில் எதைத் தூக்கிப் போட்டாலும் இவர் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். நங்கூரம், அரிக்கேன் விளக்கு, சங்கு அறுக்கிற வாள், எல்லாம் நம்பர் போட்டு அடுக்கியிருக்கிறது. ஜூலை இருபத்தாறு, மாதா கோவில் கொடியேற்றத்தன்று சனங்களுக்குத் திறந்துவிடுகிறாராம்.

"தையல் சாமானெல்லாம் ஒரு மேசை நிறையக் கெடக்கும்மா. எனக்கு இன்னது இன்னதுன்னு பேரு தெரியல. நீங்க பாத்துச் சொல்லணும்."

பார்த்தேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. விரலில் மாட்டுகிற பித்தளை அங்குஸ்தானுக்கு 'மெழுகுவர்த்தி அணைப்பான்' என்று சீட்டு. தோல் தைக்கிற குத்தூசி 'ஐஸ் உடைப்பது'. ஒரு மாட்டுக்கொம்பு, உள்ளே கறுத்துக் கெட்டியாக என்னமோ. சீட்டில் 'ஊதுகொம்பு'.

"ஊதிப் பாத்தீங்களா சார்?"

"சத்தம் வரல."

எப்படி வரும்? உள்ளே இருப்பது கொழுப்பு. நான் தைக்கும்போது ஊசியைத் தலைமுடியில் ஒரு தேய் தேய்ப்பேன், வழுக்கிக்கொண்டு போக. இந்தக் கொம்பை வைத்திருந்தவர்கள் கட்டித் துணி தைத்தவர்கள், தலைமுடி காணாது, கொழுப்பில் குத்தி எடுத்திருக்கிறார்கள். கொம்புக்குள் விரலை விட்டேன். ஊசி இறங்கின ஓட்டைகள் தேன்கூடுபோல் அப்படியே இருக்கின்றன. எந்தக் காலத்து மனுஷனோ, கடைசியாக ஊசி குத்தின இடத்தில் என் விரல் நுனி.



ஜூன் 13

இன்றும் போனேன். ஊசிகள் மட்டும் நாற்பத்தொன்று. பாய்மரத் தோணிக்குப் பாய் தைக்கிற ஊசி. நான் தைக்கிற ஊசி இதற்கு முன்னால் முடி. முனை உருண்டையாக இல்லை, மூன்று பட்டையாகத் தீட்டியிருக்கிறது. அடுக்கடுக்கான காடாத்துணியில் நூல் அறுபடாமல் இறங்கவேண்டுமே. மூன்று பட்டையும் ஒரே அளவு. எந்த மெஷின் தீட்டியது? ஒரு கொல்லன் கண்ணால் பார்த்து அடித்தது. யேசுவே!

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டர் கை இருக்கிறது. வலது கை. அதில் ஒரு தோல் பட்டை மாட்டியிருக்கிறது. கட்டைவிரல் நுழைய ஓட்டை, நடுவில் குண்டும் குழியுமாக ஒரு இரும்பு வட்டம். பாய் தைக்கிறவர்கள் இதை உள்ளங்கையில் மாட்டி, இரும்பால் ஊசியை அழுத்தித் தள்ளுவார்கள். ஆனால் இந்தக் கையில் இரும்பு புறங்கைப் பக்கம் இருக்கிறது.

"புறங்கையாலயா சார் ஊசியத் தள்ளுவான்?"

"கட்டைவிரல் அந்த ஓட்டைக்குள்ள அப்படித்தான் பொருந்திச்சும்மா. செய்யும்போதே கோணலாச் செஞ்சிருப்பான்போல."

ஜூன் 18

சுகந்தி. ரப்பர் பந்து. எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 20

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும். கை வலித்தாலும் எழுதுவேன்.

பெரிய கத்திரிக்கோல் ஒன்று. முழங்கை நீளம். சீட்டில் 'கொல்லன் தவறாக அடித்தது, வெட்டாது' என்று இருந்தது. தஸ்நேவிஸ் சாரே காகிதத்தை வைத்து வெட்டிக் காட்டினார். கடித்தது. நான் என் பாவாடைத் துணியில் பட்ட பாடு அப்படியே கண்முன் வந்தது.

ஏன் என்று தெரியவில்லை, என் வசமிருக்கிற ஒரே கையால் அதை எடுத்தேன். கட்டைவிரல் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்றுதான் சொல்லவேண்டும். பிடியின் உட்புறம் எனக்காகவே குழித்து வைத்ததுபோல் தேய்ந்திருந்தது. பையில் இருந்த கைக்குட்டையை மேசை ஓரத்தில் தொங்கவிட்டு ஒரு வெட்டு.

கர்ர்ர் என்று ஒரே நேர்கோடு.

இரண்டு மாதமாகக் கேட்காத சத்தம். இன்னொரு வெட்டு. இன்னொன்று. கைக்குட்டை நாடா நாடாவாகத் தரையில் விழுந்தது. நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று தஸ்நேவிஸ் சார் தண்ணீர் கொண்டு வந்த பிறகுதான் தெரிந்தது.

"கொல்லன் தப்பா அடிக்கல சார். சொல்லி அடிச்சது. இடது கைக்காரனுக்கு."

அவர் அந்தக் கத்திரிக்கோலைத் திரும்ப வாங்கவில்லை. என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நானே அந்தத் தோலைப் பிளாஸ்டர் கையிலிருந்து கழற்றி என் இடது கையில் மாட்டச் சொன்னேன். இரும்பு வட்டம் சரியாக உள்ளங்கைக்கு வந்தது.

ஜூன் 21

தோல் யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டேன். தஸ்நேவிஸ் சாருடைய வீட்டிலிருந்தேதான். கத்திரிக்கோல் அவர் பெரிய சித்தி வீட்டில் இருந்தது. கொம்பு சின்னச் சித்தி வீட்டில். மூன்றும் அவர் தாயைப் பெற்ற தாத்தா சூசையுடையவை. தோணிகளுக்குப் பாய் தைத்தவர்.

"தாத்தா இடது கைன்னு வீட்டுல ஒருத்தரும் சொன்னதில்லையேம்மா" என்று இன்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

ஜூன் 25

தஸ்நேவிஸ் சார் ஒரு போட்டோ கொண்டு வந்தார். சூசை மடியில் பாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நல்ல முகம். கேமராவைப் பார்த்துப் பயந்த முகம். ஊசி வலது கையில். ஆனால் தோல் பட்டை இடது கையில்!

"இது நெகட்டிவத் திருப்பிப் போட்டுக் கழுவுன படம்மா. அதான் தோல் மாறித் தெரியுது. எங்க அம்மா அப்பவே சொன்னாக."

என்னிடமா இந்தக் கதை? சட்டையைப் பாருங்கள் சார் என்றேன். ஆம்பளைச் சட்டைக்கு இடப்பக்கம் காஜா, வலப்பக்கம் பட்டன், பை இடது நெஞ்சில். படத்திலும் அப்படியே இருக்கிறது. படம் திரும்பவில்லை. மனுஷன்தான் ஊசியை மாற்றிப் பிடித்துக்கொண்டார். படத்துக்காக. தோலை மாற்ற முடியவில்லை, வலது கையில் போட்டால் இரும்பு புறங்கைக்குப் போய்விடுமே.

இத்தனை கைத்திறன் உள்ளவர், ஊசியை அப்படி மாற்றிப் பிடித்துக்கொண்டு, யாருக்குப் பயந்து உட்கார்ந்திருந்தார்? படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 27

இன்னாசி கண்டெய்னர் யார்டிலிருந்து நாலு ஆட்களைக் கூட்டி வந்தார். கிட்டங்கி மூலையில் சுருட்டிக் கிடந்த பாயை முற்றத்தில் விரித்தோம். 'சந்தன மாதா' என்ற தோணியின் பாய். முற்றம் போதவில்லை, பாதிதான் விரிந்தது. பாதிக்கே எனக்கு மூச்சு முட்டிவிட்டது.

முழங்காலிட்டு மூட்டுகளைப் பார்த்தேன். ஒரு சாணுக்கு இருபத்தாறு தையல். அடுத்த சாணுக்கும் இருபத்தாறு. பத்து முழம் தள்ளிப் போய்ப் பார்த்தேன், அங்கேயும் இருபத்தாறு. மெஷினுக்குக்கூட நூல் இழுக்கும், சிக்கும். இந்த மனுஷனுக்குச் சிக்கவே இல்லையா? வெயிலில் அந்தப் பாய் மேல் ஊர்ந்து ஊர்ந்து போனேன். இன்னாசி குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தார், பாவம்.

எல்லாத் தையலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. நான் முப்பது வருஷம் தைத்ததற்கு எதிர்ப்பக்கம்.

இதை நம்பித்தானே ஆட்கள் கடலுக்குப் போனார்கள்? தஸ்நேவிஸ் சாரிடம் பழைய கப்பல் பதிவேடு இருக்கிறது. இந்தப் பாயோடு அந்தத் தோணி இருபத்திரண்டு வருஷம் கொழும்புக்கும் இங்கேயுமாகப் போய் வந்திருக்கிறது.

ஜூன் 28

ஜெசிந்தா பேசினாள். பாயைப் பற்றி வாய் ஓயாமல் சொன்னேன். இடது கை என்றதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"இருக்கேன்க்கா" என்றாள். பிறகு மருந்து சாப்பிடவேண்டும் என்று வைத்துவிட்டாள்.

அவளுக்குத் தையல் வராது. சின்ன வயதில் கடையில் பழக்கிப் பார்த்தேன், வரவில்லை. சிலருக்கு வராது.

ஜூன் 30

மேலே எழுதியது பொய். எழுதுகிற கையே கூசுகிறது, அதனால் உண்மையை எழுதிவிடுகிறேன்.

அவளுக்குத் தையல் வந்தது. ஏழு வயதில் என் கடைத் துண்டுத்துணியை எடுத்துப் பொம்மைக்குப் பாவாடை தைத்தாள். கொசுவம் வைத்து, அத்தனை சின்னச் சின்னத் தையல். இடது கையால். கடைக்கு வந்த பெண்கள் பார்த்துவிட்டு, "தாயில்லாப் பிள்ளைன்னு பழக்காம விட்டுட்டியா அமலோற்பவம்?" என்றார்கள். எனக்கு மானம் போயிற்று. ஒரு சிவப்பு ரிப்பனை எடுத்து அவள் இடது மணிக்கட்டை நாற்காலிக் கையோடு சேர்த்துக் கட்டினேன். சாப்பிட, எழுத, தைக்க, எல்லாம் வலது கையால் என்றேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. ஐந்து மாதம்.

வலது கைக்கு மாறிவிட்டாள். ஊசியை மட்டும் அதற்குப் பிறகு தொடவே இல்லை. நானும் அன்றிலிருந்து எல்லாரிடமும் சொல்லிவருகிறேன், அவளுக்குத் தையல் வராது என்று.

அம்மா இல்லாத பிள்ளையை நன்றாக வளர்க்கிறேன் என்று நினைத்துத்தான் செய்தேன். நினைத்து என்ன செய்ய? கையைக் கட்டினேனே, பாவி.

ஜூலை 4

தஸ்நேவிஸ் சாரோடு சண்டை. புதுச் சீட்டு எழுதவேண்டும். 'இடது கைக்காரரான சூசை' என்று எழுதச் சொன்னேன்.

"பீச்சாங்கைக்காரன்னு எழுதி ஊரெல்லாம் பாக்கவா? எங்க அம்மா கல்லறையில இருந்து எந்திச்சு வந்துருவாக!"

"தோணி போயிட்டு வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"கடலு கேக்கல சார், எந்தக் கையில தச்சேன்னு. நாம யாரு கேக்க?"

கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கப் போய்விட்டார். வாய் இருக்கிறதே என்று அதிகம் பேசிவிட்டேனோ என்று வீடு வரும்வரை உறுத்தல்.

ஜூலை 6

அவரே வீட்டுக்கு வந்தார். அந்தக் கத்திரிக்கோலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"நம்பர் போட்ட சாமான வெளிய எடுக்கக் கூடாது. சட்டம் போட்டவனே நாந்தான். ஒரு சட்டை வெட்டிட்டுத் திருப்பித் தந்துருங்க."

நான் சட்டையைப் பற்றி அவரிடம் சொல்லவே இல்லை. இன்னாசி இந்தப் பக்கம் பார்க்காமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 7

வெட்டிவிட்டேன். வெள்ளை மல் துணி. தோணிப்பாய் வெட்டிய கத்திரிக்கோல், ஒரு கை நீளமில்லாத பிள்ளைச் சட்டைக்கு. கனத்தால் தோள் விண்விண் என்று வலிக்கிறது. கழுத்து வளைவு மட்டும் கொஞ்சம் பிசகு. துணி பிடிக்க இன்னாசி. சட்டகம்போல் அசையாமல் நின்றார்.

ஜூலை 12

நாலு நாளில் ஒரு தோள் மூட்டு. பிரித்தேன். மறுபடி தைத்தேன். மறுபடி பிரித்தேன். ஒரு சாணுக்கு இருபத்தாறு வைத்த சூசையை நினைத்தால் கோபம் கோபமாக வருகிறது.

ஜூலை 19

கை ஓரம் முடிந்தது. தையல் எதிர்ப்பக்கம் சாய்கிறது. இப்போது அது கண்ணுக்குப் பழகிவிட்டது.

ஜூலை 24

கத்திரிக்கோலைத் திருப்பிக் கொடுத்தேன். கூடவே வரலாற்று அறைக்கு என் பங்காக ஒரு சாமானும் கொடுத்தேன். பட்டன் டப்பாவின் அடியில் கிடந்தது. சீட்டும் நானே எழுதிக் கொடுத்தேன். தஸ்நேவிஸ் சார் படித்தார். நம்பர் மட்டும் போட்டார்.

ஜூலை 26

கொடியேற்றம். ஊரே கடற்கரையில். அங்கிருந்து பாதிப் பேர் கிட்டங்கிக்கு வந்துவிட்டார்கள். பாயைப் பாதி மட்டும் விரித்து உத்தரத்திலிருந்து தொங்கவிட்டிருந்தோம். கடல் காற்று உள்ளே வந்ததும் அது ஒரு தடவை உப்பியது. கூட்டம் மொத்தமும் வாயைப் பிளந்து நின்றது. சின்னப்பிள்ளைகள் கத்தவே இல்லை. நானும் முதல் தடவை பார்க்கிறவள்போல் நின்றேன்.

கண்ணாடிப் பெட்டியில் புது பிளாஸ்டர் கை. இடது கை. 'சூசை. தோணிப்பாய் தைத்தவர். இடது கைக்காரர். என் தாத்தா' என்று தஸ்நேவிஸ் சார் தன் கையாலேயே எழுதியிருந்தார்.

ஜெசிந்தா நிறைமாத வயிற்றோடு மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். கத்திரிக்கோல் பக்கத்தில் நின்றுவிட்டாள். அங்கேதான் அது இருந்தது. சீட்டில் நான் எழுதியது இவ்வளவுதான்:

'சிவப்பு ரிப்பன். இடது கையால் தைத்த ஏழு வயதுப் பிள்ளையின் கையைக் கட்ட ஐந்து மாதம் பயன்பட்டது. கட்டியது தவறு. கொடுத்தவர்: கட்டியவர்.'

நான் தூண் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டப் போகத் தைரியம் வரவில்லை. எத்தனை நேரம் நின்றாள் என்று தெரியாது. மாப்பிள்ளை நாற்காலி கொண்டுவந்தார், அவள் உட்காரவில்லை. இடது கையைக் கண்ணாடி மேல் வைத்தாள். அப்புறம் என்னைத் தேடி வந்து, "பசிக்குதுக்கா, வீட்டுக்குப் போவோமா?" என்றாள்.

பரோட்டா நாலு சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 1

சட்டை முடிந்தது. பட்டன் மட்டும் பாக்கி. மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் மூன்று பட்டனும் தைத்திருக்கிறது. பிரசவத்துக்கென்று எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட ஜெசிந்தா ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், அல்லது தூங்குவதுபோல் கிடந்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். முடிச்சே தெரியவில்லை. நான் பழக்கியிருந்தால் என்னைத் தூக்கிச் சாப்பிட்டிருப்பாள்.

ஆகஸ்ட் 4

பெண் பிள்ளை. காலை பத்தே காலுக்கு. இரண்டே முக்கால் கிலோ. தாயும் பிள்ளையும் சுகம். மாதாவே, நன்றி.

இதையும் எழுதிவிட வேண்டும். மதியம் வார்டுக்குள் விட்டார்கள். எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்குச் சேனை தொடுவார்கள். நல்ல மனுஷர் ஒருவர் விரலால் சீனித்தண்ணீரை நாக்கில் வைக்கவேண்டும், அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். மாப்பிள்ளையின் அம்மா தொடுவார்கள் என்று நான் ஓரமாக நின்றேன்.

"அக்கா, நீ வா. நீதான் தொடணும்."

"என் குணமா? பிள்ளைய நாசமாக்கவா?"

"நர்சம்மா சீனித்தண்ணி கூடாதுன்னுட்டாக. தாய்ப்பால்லயே ஒரு சொட்டு தொட்டு வை."

வலது கையை நீட்டினேன். அது பாதி வழியில் நின்றுவிட்டது. இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுபோகப் பார்த்தேன். அதுவும் முடியவில்லை. சம்பந்தியம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"சுகந்தி இன்னும் பத்து நாள்ல விரல் மடங்கும்னா. அப்ப தொடுறேன் மக்கா. பீச்சாங்கையால எப்படி…"

ஜெசிந்தா படுத்தவாக்கிலேயே எட்டி என் இடது மணிக்கட்டைப் பிடித்தாள். நான் அவளுக்குக் கட்டின அதே இடம். பிடி கெட்டியாக இருந்தது. பிள்ளை பெற்று மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, எங்கிருந்து வந்தது அந்தப் பலம்?

"எனக்கு இந்தக் கைதான்க்கா வேணும்" என்றாள். இழுத்து என் விரலைப் பாலில் தொட்டுப் பிள்ளையின் வாய்க்குக் கொண்டுபோனாள்.

சின்ன வாய். பல் இல்லை, ஒன்றுமில்லை. திறந்து என் விரலைப் பிடித்து இழுத்தது பாருங்கள், அம்மாடி! நான் கையை எடுக்கவில்லை. ஜெசிந்தாவும் என் மணிக்கட்டை விடவில்லை.